அப்பாவின் காம்பராவுக்கு ஒரு சீலிங்

நாடுகாணிப் பக்கம், எஸ்டேட் லயம்
16 மார்ச் 2025

தம்பி தினகரனுக்கு,

போன் பண்ணினால் "சைட்டுல இருக்கேன்க்கா" என்று பாதியில் வைத்துவிடுகிறாய். லயத்தில் சிக்னலும் கிடையாது. பேக்டரி வளைவு வரை ஏறிப்போய், டீக்கடையில் நிற்கிற அத்தனை பேரும் கேட்கக் கத்த வேண்டியிருக்கிறது. அப்பா விஷயத்தை அப்படிக் கத்திச் சொல்ல எனக்கு மனசில்லை. அதனால்தான் எழுதுகிறேன். தாளை நீ பாதியில் வைத்தாலும் மறுபடி எடுத்துப் படிக்கலாம் அல்லவா.

போன வாரம் தேயிலைக் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வந்தேன். அப்பா கட்டிலில் இல்லை. அதே பின் காம்பராவில், அடுப்போரத் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில், சிமெண்டுத் தரையில் கன்னத்தை வைத்துக் கிடந்தார். பதறிப் போய்த் தூக்கினேன்.

"என்னாப்பா, விழுந்துட்டீங்களா?"

"விழல புள்ள. எறங்குனேன். தரை குளுந்து கெடக்கு."

வலது கையும் காலும் வராத மனுஷன் காலையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியிருக்கிறார். முழங்கையிலும் இடுப்பிலும் தோல் வழன்றிருந்தது. அந்த இடத்தில் எறும்பு. அவருக்கு அது உறைக்கவே இல்லை. உறைக்கிற பக்கமாக இருந்திருந்தால் கத்தியிருப்பார். கத்தினாலும் கேட்க லயத்தில் பகலில் யார் இருக்கிறார்கள்?

ஓடு இருந்த காலத்தில் இப்படி இல்லை. குரங்கு உடைக்கிறது என்று சொல்லி எஸ்டேட்டில் ஓட்டைக் கழற்றிவிட்டுத் தகரம் போட்டார்கள். கைமரம் எல்லாம் பழையதுதான், மேலே மட்டும் தகரம். பத்து மணிக்கெல்லாம் பின் காம்பரா அடுப்பு மாதிரி ஆகிவிடுகிறது. ஊட்டியில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு திரிகிறார்களாம், நீலகிரி என்றால் எல்லாம் ஒன்று என்று நினைக்கிறார்கள். நம் பக்கம் சித்திரையில் கசகசவென்று புழுங்கும் என்று உனக்குத் தெரியும். வேர்வை காயாமல் அப்பா முதுகெல்லாம் வெந்து கிடக்கிறது.

ஜெகதீசன் பீல்டு ஆபீசரிடம் லீவு கேட்டேன். "ரெண்டு நாள்னா குடுக்கலாம்மா, ரெண்டு மாசத்துக்கு எப்படிக் குடுக்க?" என்கிறார். வேலையை விட்டால் வீடும் போய்விடும். வீடு என் வேலைக்குக் கொடுத்ததுதானே.

அதனால் கேட்கிறேன். மழை பிடிக்கிற வரைக்கும் அப்பாவை நீ தூத்துக்குடிக்குக் கூட்டிக்கொண்டு போ. இல்லையென்றால் உன் வீட்டுக்காரி ரேணுகாவிடம் சொல்லிவிட்டு நீ வந்து கொஞ்ச நாள் இங்கே இரு. பொருள் எதுவும் கேட்கவில்லை தம்பி. ஆள் கேட்கிறேன்.

உன் அக்கா
சுமலதா

*

தூத்துக்குடி
27 மார்ச் 2025

அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ரேணுகாவும் அழுதாள். ஆனால் நீ கோபப்படாமல் யோசித்துப் பார். நாங்கள் இருப்பது மாடியில் ஒற்றை அறை. மேலே ஆஸ்பெஸ்டாஸ். கக்கூஸ் கீழே, வெளியே. அப்பாவை யார் தூக்கிக்கொண்டு இறங்குவது? ரேணுகா ஜவுளிக்கடைக்குப் போய்விடுகிறாள். நான் காலையில் போனால் எப்போது வருவேன் என்று எனக்கே தெரியாது. இங்கே கூட்டி வந்தாலும் அதே தரையில்தான் கிடப்பார், கடல் உப்புக்காற்றோடு சேர்த்து.

நான் வந்து இருப்பதும் இப்போது நடக்காது. புது எறா கம்பெனிக்குக் குளிர் அறை கட்டிக்கொண்டிருக்கிறோம். நான் பாதியில் போனால் என் ஆட்கள் நாலு பேருக்கும் வேலை போகும்.

ஆனால் ஒரு வழி இருக்கிறது, அதை நினைத்ததும் எனக்கே உற்சாகமாகிவிட்டது. நான் என்ன வேலை செய்கிறேன் அக்கா? வெளியே தார் உருகுகிற வெயிலில் உள்ளே ஐஸ் உருகாமல் பார்த்துக்கொள்கிற வேலை. பஃப் பலகை என்று ஒன்று, இரண்டு தகட்டுக்கு நடுவில் மஞ்சள் நுரை இறுகிக் கெட்டியாகி இருக்கும். நாலு விரல் கனம்தான். ஒரு பக்கம் கையை வைத்தால் சுடும், மறுபக்கம் சில்லென்று இருக்கும். வெட்டி மிச்சமான துண்டுகளை முதலாளி எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். சித்திரை ஒன்றுக்கு வருகிறேன். தகரத்துக்கு அடியில், கைமரத்தை ஒட்டி, பின் காம்பரா முழுக்க சீலிங் அடித்துவிடுகிறேன். சுவருக்கும் தகரத்துக்கும் நடுவில் இருக்கிற சந்து முழுவதையும் நுரை பீய்ச்சி அடைத்துவிடுவேன். ஒரு விரல் சந்து இருந்தாலும் இந்த வேலைக்குப் பிரயோஜனம் இல்லை.

அப்பா தரையில் இறங்க வேண்டிய அவசியமே இருக்காது. நீ நிம்மதியாக வேலைக்குப் போகலாம். அதுவரை ஈரச் சாக்கைத் தகரத்து மேலே போட்டு வை.

உன் தம்பி
தினகரன்

*

லயம்
4 மே 2025

தம்பிக்கு,

உள்ளதைச் சொல்ல வேண்டும். குளிர்ச்சியாகத்தான் இருக்கிறது. நேற்று மதியம் நான் வெயிலில் வந்து காம்பராவுக்குள் காலை வைத்ததும் மரத்தடியில் வந்த மாதிரி இருந்தது. அப்பா கட்டிலிலேயே தூங்கிக்கொண்டிருந்தார். முதுகுப் புண் காய்ந்துவிட்டது.

வருகிறவர்கள் எல்லாரிடமும் இடது கையைத் தூக்கிக் காட்டுகிறார். "என் மவன் போட்டது. எறா கம்பெனிக்குப் போடுற சாமான். தொர பங்களாவுலகூட கெடயாது." பக்கத்து வீட்டுப் பிலோமி வந்து பார்த்துவிட்டு, "அய்யோ, அச்சன் பிரிட்ஜுக்குள்ளல்லோ படுத்திருக்காரு!" என்றாள். அப்பா அன்றைக்கெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். வாய் ஒரு பக்கம் கோணினாலும் சிரிப்பு தெரிந்தது. சிலோனில் அவர் பிறந்த தோட்டத்தில் இப்படித்தான் குளிருமாம். அதையெல்லாம் பேசி எத்தனை வருஷம் ஆகிறது.

இதற்கு நீதான் காரணம். அதில் எனக்கு வேறு பேச்சு இல்லை.

ஆனால் ஒன்று மனசில் கிடக்கிறது, எழுதிவிடுகிறேன். வந்திருந்த நாளெல்லாம் நீ ஏணியிலேயே இருந்தாய். முகத்தை மேலே வைத்துக்கொண்டே இருந்தாய். ஒரு சாயங்காலம் நீ கட்டிலைத் தாண்டிப் போகும்போது அப்பா உன் சட்டையைப் பிடித்தார். "இருங்கப்பா, நுரை காஞ்சிரும்" என்று கையை எடுத்துவிட்டுப் போனாய். நுரை காய்ந்தால் வேறு டப்பா திறக்கலாம். அப்பா அன்றைக்கு என்ன சொல்ல வந்தார் என்று நான் கேட்டேன். "ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டார்.

இன்னொரு விஷயம். அடுப்புப் புகை போக வழியில்லை. முன்னெல்லாம் தகரத்துக்குக் கீழே இருந்த சந்து வழியாகப் போய்விடும். இப்போது கண்ணெரிச்சல். சோறு வடித்த ஆவிகூட அங்கேயே நிற்கிறது. ஓரத்தில் கையகலம் ஒரு ஓட்டை போட்டுக்கொள்ளட்டுமா? பிலோமி வீட்டுக்காரர் லெஸ்லி ரம்பம் வைத்திருக்கிறார்.

சுமலதா

*

தூத்துக்குடி
15 மே 2025

அக்காவுக்கு,

தயவு செய்து ஓட்டை கீட்டை எதுவும் போட்டுவிடாதே. கையகலம் என்று நீ சாதாரணமாகச் சொல்கிறாய். எங்கள் வேலையில் ஆணி போன துளையைக்கூட அடைக்காமல் விட்டால் மேஸ்திரி சீட்டைக் கிழித்துவிடுவார். ஒரு இடத்தில் திறந்தால் வெயில் காற்று உள்ளே இறங்கும், அப்புறம் நான் செய்ததெல்லாம் வெறும் அலங்காரம். ரம்பத்தை வைத்துக்கொண்டு லெஸ்லி அண்ணன் பலகையில் கை வைக்கக் கூடாது. அவருக்கு இதைப் பற்றி ஒன்றும் தெரியாது.

விறகு அடுப்பை நிறுத்து. கேஸில் சமை. வெந்நீர் போடுவதை வெளியே வைத்துக்கொள். ஆவி என்கிறாயே, கதவைத் திறந்து வைத்தால் போய்விடும்.

அப்பா சந்தோஷமாக இருக்கிறார் என்று படித்ததும் அந்தத் தாளை என் ஆட்களிடம் வாசித்துக் காட்டினேன். எத்தனையோ கம்பெனிக்குச் செய்திருக்கிறேன், ஒருத்தனும் நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை. எறாவா சொல்லப் போகிறது?

சட்டை விஷயம் எனக்கு ஞாபகமே இல்லை அக்கா. நான் அங்கே விளையாட வரவில்லை. லீவுக்குள் முடிக்க வேண்டுமே என்றுதான் பறந்தேன். அதையும் குற்றமாக எழுதுகிறாய்.

தினகரன்

*

லயம்
6 ஜூலை 2025

தம்பிக்கு,

மழை பிடித்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. இந்த வருஷம் விடாமல் அடிக்கிறது. வெயிலைப் பார்த்ததே இல்லை. வளைவுக்குப் போய்ப் போனில் உன்னிடம் சொன்னேன், இரைச்சலில் உனக்கு எவ்வளவு கேட்டதோ தெரியவில்லை. பொறுமையாக எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

உன் சீலிங் வேர்க்கிறது. பலகையும் பலகையும் சேர்கிற கோட்டில் முத்து முத்தாகத் தண்ணீர் நின்று சொட்டுகிறது. தகரம் ஒழுகுகிறதோ என்று லெஸ்லி அண்ணன் மேலே ஏறிப் பார்த்தார். ஒழுகவில்லை. உள்ளேயிருந்துதான் வருகிறது. அப்பா கட்டிலுக்குப் பின்னால் சுவர் கறுத்துவிட்டது. முதலில் மிளகு தூவின மாதிரி இருந்தது, இப்போது ஆள் உயரத்துக்கு ஏறியிருக்கிறது. ப்ளீச்சிங் பவுடர் போட்டுத் துடை என்றாய், துடைத்தேன். மறு வாரமே வந்துவிட்டது. தலையணையைத் திருப்பினால் அடியில் பச்சை. அப்பாவுடைய வேட்டி, என் சேலை, கம்பளி எதுவும் காய்வதில்லை. காம்பராவுக்குள் நுழைந்தாலே ஊசிப்போன சோற்று வாசம்.

கதவைத் திறந்து வை என்றாய். திறந்தால் சாரல் நேராகக் கட்டிலில் அடிக்கிறது. முன் காம்பராவுக்குக் கட்டிலை மாற்றலாம் என்றேன். அப்பா வரமாட்டேன் என்கிறார்.

அவருக்கு இருமல் பிடித்துக்கொண்டது. சாதாரண இருமல் இல்லை. இருமி முடித்ததும் மூச்சை இழுக்க முடியாமல் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொள்கிறார். டிஸ்பென்சரியில் கொடுத்த மருந்து கேட்கவில்லை.

போன ஞாயிறு பிலோமி வந்து சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சத்தம் போட்டாள். "சேச்சி, இத எந்தினா இன்னும் வச்சிருக்கீங்க? தொறந்து விடுங்க. இல்லன்னா அச்சனுக்கு இழுப்பு வந்துரும்." நானும் லெஸ்லி அண்ணனைக் கூப்பிட்டு ஏணியைப் போட்டேன். அப்பா இடது கையால் கட்டிலைத் தட்டி ஒரே கூச்சல்.

"தொடாத! என் மவன் போட்டது. அவன் வேல அது. அவன் வந்து பாப்பான்."

"அப்பா, மூச்சு முட்டுதேப்பா உங்களுக்கு."

"எனக்கு முட்டல. நீ தொடாத."

அழுதுவிட்டார், தம்பி. அப்பா அழுது நான் பார்த்ததில்லை. லெஸ்லி அண்ணன் ஏணியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் சொன்னால் கேட்கமாட்டார். நீ சொன்னால் கேட்பார். நீ உடனே வர முடியாது என்று தெரியும். அவருக்கென்று நாலு வரி எழுது. "அப்பா, அக்கா திறக்கட்டும், நான்தான் சொல்கிறேன்" என்று எழுது போதும். நான் வாசித்துக் காட்டுகிறேன். தள்ளிப்போடாதே.

சுமலதா

*

தூத்துக்குடி
16 ஜூலை 2025

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. மழைக்காலத்தில் சுவர் கறுப்பது நம் லயத்தில் புதிதில்லை. ஓடு இருந்தபோதும் கறுத்தது. அப்போது யாரைக் குறை சொன்னாய்? இருமலும் ஒவ்வொரு ஆடிக்கும் வருவதுதான்.

இப்போது பிரித்தால் நுரைக்குள் ஈரம் ஏறி மொத்தமும் பாழாகும். திரும்ப ஒட்டவும் முடியாது. மழை குறைந்தவுடன் நானே வந்து, ஒரு எக்ஸாஸ்ட் பேன் வைத்துக் கொடுக்கிறேன். அது ஈரத்தை இழுத்து வெளியே தள்ளிவிடும். அதுவரை சொட்டுகிற இடத்தில் துணியைக் கட்டு. துணி காயவைப்பதை வேறு எங்காவது வைத்துக்கொள். டாக்டரை மாற்றிப் பார்.

உனக்கு ஒன்று சொல்லட்டுமா? சின்ன வயதிலிருந்து நான் என்ன செய்தாலும் அதில் ஒரு பொத்தல் கண்டுபிடிப்பது உன் பழக்கம். முதல் முறையாக நான் செய்த ஒன்றை நல்லதென்று ஒருவர் சொல்கிறார். அதையும் நீ ரம்பம் வைத்து அறுக்கப் பார்க்கிறாய். ஊரில் இருக்கிறவர்களுக்கு மட்டும்தான் பாசம் இருக்கிறதா?

இங்கே கம்பெனி திறப்பு தள்ளிப்போய்விட்டது. எல்லாரும் என் தலையில் நிற்கிறார்கள். இப்போதைக்கு இவ்வளவுதான் எழுத முடிகிறது.

தினகரன்

*

லயம்
24 ஆகஸ்ட் 2025

தம்பிக்கு,

நீ வந்துவிட்டுப் போனபோது நாம் பேசிக்கொள்ளவில்லை. ரோட்டில் மண் சரிந்து, நீ கூடலூரில் மாட்டி, நடந்து வந்து சேர்வதற்குள் அப்பாவை எடுத்துவிட்டோம். நனைந்த சட்டையோடு வந்து நின்றாய். யாராவது ஒருவர் முதலில் வாய் திறந்திருக்கலாம். மறுநாள் நீ கிளம்பிவிட்டாய். என்ன நடந்தது என்று நீ கேட்கவில்லை. கேட்கப் பயந்தாய் என்று நினைக்கிறேன். எனக்கும் சொல்லப் பயமாகத்தான் இருந்தது. இப்போது சொல்லாவிட்டால் எனக்கு நெஞ்சடைத்துவிடும்.

உன் கடிதம் வந்த அன்று அப்பாவுக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். கவரைப் பார்த்ததும், "தினாவா? படி, படி" என்றார். நான் மனசுக்குள் படித்தேன். மேலேயிருந்து கீழே வரைக்கும் படித்தேன். அப்பாவுக்கென்று அதில் ஒரு வரியும் இல்லை. திருப்பிப் பார்த்தேன், பின்பக்கம் வெறும் தாள்.

என்ன செய்வேன்? நானே சொன்னேன். "தினா எழுதியிருக்கான்ப்பா. 'அக்கா சீலிங்கத் தொறக்கட்டும், அப்பாகிட்ட நான் சொன்னேன்னு சொல்லு'ன்னு எழுதியிருக்கான்."

அப்பா என் முகத்தையே பார்த்தார். "எங்க, காட்டு" என்றார்.

தாளை அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன். அவருக்கு வாசிக்க வராது என்று தைரியம். ஆனால் சம்பளச் சீட்டில் கையெழுத்துப் போட்டுப் போட்டு ஒரே ஒரு சொல் மட்டும் அவருக்குத் தெரியும் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.

"என் பேரு எங்க இருக்கு?"

"இந்தா, இங்கப்பா" என்று விரலை வைத்தேன். 'வந்து' என்று நீ எழுதியிருந்த இடம் அது. முதல் எழுத்து ஒன்றுதானே என்று வைத்துவிட்டேன்.

ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார். "இது வடிவேல் இல்ல புள்ள."

நான் விரலை எடுத்துக்கொண்டேன்.

"அவன் சொல்லலன்னா தொறக்காத" என்றார். சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அந்தக் கறுத்த சுவர்ப்பக்கம். கஞ்சி வேண்டாம் என்றுவிட்டார்.

அவர் சொன்னால் என்ன, நான் உடைத்திருக்கலாம். லெஸ்லி அண்ணன் கூப்பிட்டால் வந்திருப்பார். ஆனால் அந்த மனுஷனிடம் மிச்சம் இருந்தது உன் சீலிங் ஒன்றுதான். அதை அவர் கண் முன்னால் எப்படி அறுக்க? இதை நினைத்து நான் தினமும் சாகிறேன், அதை உன்னிடம் வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

ஆடிக் கடைசியில் மூச்சு ரொம்ப மோசமானது. ஜீப்பில் படுக்கவைத்துக் கொண்டுபோனோம். என் மடியில் தலை. வழியெல்லாம் இருமல். ஒரு இடத்தில் கொஞ்சம் தெளிந்து, "தினா வந்தா ஈரத்தச் சரி பண்ணிருவான்" என்றார். அதற்குப் பிறகு அவர் பேசியது எனக்குப் புரியவில்லை.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு அந்த டாக்டரம்மா என்னை வெளியே கூப்பிட்டுக் கேட்டார். "அவர் படுக்கிற ரூம்ல பூஞ்சை இருக்கா? சுவரு கறுத்திருக்கா?"

"லயத்து வீடுங்க டாக்டர், எல்லா ஊட்லயும் இருக்கும்ங்க" என்றேன்.

"காத்து வர வழி இருக்கா?"

"இருக்குங்க" என்று சொல்லிவிட்டேன். உன்னைக் காப்பாற்றச் சொன்னேனா, என்னைக் காப்பாற்றச் சொன்னேனா, தெரியாது. உண்மையைச் சொல்லியிருந்தால் வேறு மருந்து கொடுத்திருப்பார்களோ என்று இப்போது தோன்றுகிறது. டாக்டரம்மா பெயர் கெஸியா. ஒரு நாள் போய், அப்படிச் சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன். போகமாட்டேன்.

காரியம் முடிந்ததும் லெஸ்லி அண்ணனும் நானும் சீலிங்கைப் பிரித்தோம். முதல் பலகை கழன்றதும் அழுக்குத் தண்ணீர் அவர் தலையில் கொட்டியது. மேலே கைமரம் எல்லாம் கறுத்து, ஊறி, விரலை வைத்தால் உள்ளே போகிறது. நாற்பது வருஷம் புகையில் கருகிக் கல் மாதிரி இருந்த மரம் அது. ஒரே மழையில் களி மாதிரி ஆகிவிட்டது.

உன்னைக் குத்த எழுதவில்லை. நடந்ததை எழுதினேன்.

சுமலதா

*

தூத்துக்குடி
11 செப்டம்பர் 2025

அக்கா,

உன் கடிதத்தை ரேணுகாவிடம்கூடக் காட்டவில்லை. படித்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். குளிர் அறைக்குள் நின்று வேலை செய்யும்போது வெளியே இரண்டு பேர் என்னைத் தேடியிருக்கிறார்கள். நான் பலகையில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்திருந்தேனாம். இழுத்துக்கொண்டு வந்து வெயிலில் போட்டார்கள்.

எங்கே தப்பு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இனித் தெரிந்து என்ன? ஆனாலும் யாரிடமாவது சொல்ல வேண்டும், உன்னைத் தவிர யாரிடம் சொல்வேன்.

குளிர் அறையில் ஈரம் எப்போதும் ஒரே பக்கம்தான் இருக்கும் அக்கா. வெளியே ஈரம், உள்ளே வறட்சி. வருஷம் முழுக்க அப்படித்தான். வெளிப்பக்கத்தை அடைத்துவிட்டால் வேலை முடிந்தது. பன்னிரண்டு வருஷமாக நான் அது ஒன்றைத்தான் செய்கிறேன். நம் வீட்டில் அப்படி இல்லை. சித்திரையில் வெக்கை மேலேயிருந்து வருகிறது. ஆடியில் மேலே தகரம் சில்லென்று இருக்கிறது, ஈரம் உள்ளேயிருந்து ஏறுகிறது. சோறு வடிக்கிற ஆவி, ஈரத் துணி, அப்பா விடுகிற மூச்சு எல்லாம் ஏறிப்போய்க் குளிர்ந்த தகரத்தில் பட்டுத் தண்ணீராகிவிட்டது. போக வழியில்லாமல் மரத்தைத் தின்றது, சுவரைத் தின்றது. அந்தச் சந்தை அடைக்காமல் விட்டிருந்தால் காற்று தினமும் அதைக் காயவைத்திருக்கும். வெயிலுக்குப் பலகையும் வேண்டும், மழைக்குச் சந்தும் வேண்டும். இரண்டையும் வைத்துச் செய்ய முடியும். கஷ்டம்கூட இல்லை. நீ மே மாதம் கேட்ட ஓட்டை போதும்.

அப்பா மூச்சே அப்பாவுக்கு எதிராகத் திரும்பிவிட்டது. நான் அதற்கு வழி அடைத்தேன்.

அப்பாவை எடுத்த அன்றைக்குச் சாயங்காலம் நீ சமையலுக்குப் பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தாய். நான் அப்பா கட்டிலில் படுத்துப் பார்த்தேன். பலகையைத்தான் பார்த்தேன், சேர்ப்பு எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று பார்த்தேன் அக்கா. அப்படிப்பட்ட பிறவி நான். திரும்பிப் படுக்கும்போது கை சுவரில் பட்டது. உள்ளங்கை நனைந்துவிட்டது. அதனால்தான் மறுநாள் காலையிலேயே கிளம்பினேன்.

அந்தக் கடிதத்தில் அப்பாவுக்கு எழுத எனக்கு நேரம் இல்லாமல் இல்லை. எழுத உட்கார்ந்தால் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. திறந்துவிடுங்கள் என்றால் நான் செய்தது தப்பு என்று ஆகிவிடும். நன்றாக இருக்கிறது என்று சொன்ன ஒரே ஆளிடம் எப்படி எழுதுவேன் என்று விட்டுவிட்டேன். அவர் பெயரைத் தேடுவார் என்று நான் கண்டேனா?

அக்கா, வேலையை விட்டுவிட்டு இங்கே வந்துவிடு. மாடி அறைதான், பரவாயில்லை. நாம் மூன்று பேரும் இருப்போம். இல்லையென்றால் நான் வந்து கைமரம் மாற்றி, தகரத்துக்குக் கீழே முறையாகச் சந்து விட்டு, எல்லாவற்றையும் சரி செய்து கொடுக்கிறேன். இந்த முறை தப்பு நடக்காது. எழுது. திட்டியாவது எழுது.

தினகரன்

*

எஸ்டேட், மேல் டிவிஷன் லயம்
19 அக்டோபர் 2025

தம்பி தினகரனுக்கு,

மேலே விலாசம் மாறியிருப்பதைப் பார். எஸ்டேட்டிலிருந்து ஆள் வந்து கைமரத்தைக் கம்பியால் குத்திப் பார்த்தார்கள். நம் வீடும் பிலோமி வீடும் ஒரே உத்தரத்தில் நிற்பதால் இரண்டும் இருக்க லாயக்கில்லை என்று எழுதிவிட்டார்கள். புதிதாகக் கட்டமாட்டார்களாம். ஜெகதீசன் சார் எனக்கு மேல் டிவிஷனில் ஒரு காம்பரா கொடுத்தார். பிலோமிக்குக் கிடைக்கவில்லை. லெஸ்லி அண்ணன் டெம்பரவரி ஆள்தானே. அவர்கள் நிலம்பூருக்குப் பிலோமியின் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டார்கள். போகும்போது அவள் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "வரட்டே சேச்சி" என்று மட்டும் சொன்னாள்.

போன வாரம் வீட்டை இடித்தார்கள். நான் கொழுந்து எடுக்கிற இடத்திலிருந்து பார்த்தால் தெரிந்தது. தகரத்தை இழுத்ததும் மீதி தானாகவே உட்கார்ந்துவிட்டது. யாரும் பெரிதாகப் பாடுபட வேண்டியிருக்கவில்லை.

நீ எழுதியதைப் பல தடவை படித்தேன். ஈரம் எந்தப் பக்கம் இருக்கும் என்று நீ எழுதியிருப்பது எனக்குப் புரிந்தது. நன்றாகவே எழுதியிருக்கிறாய். அதைப் படிக்கும்போது எனக்கு உன் மேல் கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால் அந்தச் சூட்டிலாவது நடமாடிக்கொண்டிருப்பேன். ஒன்றும் வரவில்லை. வேலைக்குப் போகிறேன், வருகிறேன். யாராவது கூப்பிட்டால் இரண்டாவது தடவைதான் கேட்கிறது.

நீயும் நானும் ஒருவரை ஒருவர் மன்னித்துக்கொள்வதில் என்ன இருக்கிறது சொல். மன்னிக்க வேண்டிய ஆள் போய்ச் சேர்ந்துவிட்டார். அவருக்கு உன் மேல் குறையே இல்லை. கடைசி வரை நீ வந்து சரி பண்ணுவாய் என்றுதான் இருந்தார். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

தூத்துக்குடிக்கு வரமாட்டேன். மூன்று பேரும் ஒரு அறையில் இருந்தால், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும்போதெல்லாம் அப்பா இருமுவது கேட்கும். ரேணுகா பாவம், அவளுக்கு எதற்கு அது? நீ வேலையை விட்டுவிடாதே. குளிர் அறைக்குள் தனியாகப் போகாதே, ஆள் துணையோடு போ. இதை மட்டும் அக்கா சொல்வதாகக் கேள்.

இந்தக் காம்பராவும் தகரம்தான். சித்திரையில் அடுப்பாகத்தான் இருக்கும். நீ அளவு கேட்டு எழுதுவாய் என்று எனக்குத் தெரியும், அதனால் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். அளவு எடுக்க வராதே. பலகையும் வேண்டாம், பேனும் வேண்டாம். வெயில் ஏறுகிற நேரத்தில் நான் மலையில் இருப்பேன். பகலில் இந்த வீட்டில் யாரும் படுத்திருக்கப் போவதில்லை.

சுமலதா